சிவப்பு சோபா மாடியேறிய நாள்

என் சித்தி நின்றுகொண்டே தூங்குவாள். பேருந்தில், கடை வரிசையில், பல் துலக்கும்போது. ஒருமுறை என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாக்கியத்தின் நடுவில் தூங்கிவிட்டாள். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "அதனாலதான் அந்தச் செருப்ப வாங்கல" என்று முடித்தாள். எந்தச் செருப்பு என்று நான் கேட்பதற்குள் மறுபடியும் கண் சொருகிவிட்டது.

ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் உள்ள சலவைக்கூடத்தில் அவளுக்கு இரவு வேலை. மேலே அறைகளில் யாரோ படுத்து எழுந்த விரிப்புகள் தள்ளுவண்டியில் மலைமலையாக இறங்கிவரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, சூடான உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். அது மறுபக்கம் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வரும். அங்கே இன்னும் இரண்டு பேர் எதிரெதிராக நின்று மடிப்பார்கள். நடந்து கிட்டே வந்து, முனையை முனையோடு சேர்த்து, விலகி, மறுபடி கிட்டே வந்து. தூரத்திலிருந்து பார்த்தால் நடனம் மாதிரி இருக்கும் என்று சித்தி சொல்வாள். "கிட்டக்க வந்து பாத்தா வேர்வ நாத்தம்" என்றும் சொல்வாள். அந்தப் பழக்கத்தில் கையில் எது கிடைத்தாலும் நான்காக மடித்துவிடுவாள். எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் பைகளெல்லாம் மடித்திருந்தால் சித்தி வந்துபோயிருக்கிறாள் என்று அர்த்தம்.

சித்தப்பா பகலில் பார்சல் வண்டி ஓட்டுகிறார். அவள் காலையில் வீட்டுக்குள் நுழையும்போது அவர் வெளியே கிளம்புவார். அவர் இடுப்பிலிருந்து ஒரு குழந்தையும் தோளிலிருந்து ஒரு குழந்தையும் வாசலில் கைமாறும். மாலையில் அதே வாசலில் அதே குழந்தைகள் திரும்பக் கைமாறும். "எங்க குடும்ப வாழ்க்கை மொத்தமும் இந்த நிலைப்படியிலதான் நடக்குது" என்பாள் சித்தி.

இரட்டைக் குழந்தைகள். மூன்று வயது. எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பேருந்து கண்டக்டர்தான் அவர்களுக்கு இடி, மின்னல் என்று பட்டப்பெயர் வைத்தார். இடி பெண். வாயைத் திறந்தால் மூன்று மாடிக்கும் கேட்கும். மின்னல் பையன். இப்போது இருப்பான், இப்போது இருக்க மாட்டான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பகலில் எப்படித் தூங்குவது? தூக்கம் குறையக் குறையச் சித்திக்குச் சிரிப்பு கூடியது. பால் பொங்கினால் சிரிப்பாள். மின்கட்டணச் சீட்டைப் பார்த்துச் சிரிப்பாள். ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைப்பாள். பார்க்கிற எங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். அது சந்தோஷமா, களைப்பா என்று எனக்கு இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு, பகல் ஷிப்டில் ஓர் இடம் காலியாகிறது, வேண்டுமா என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேறு ஒருத்திக்குப் போய்விடும்.

சித்தி நேரே மாடி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அடியே டிகிரி, எனக்கு ராத்திரி தூங்கணும்."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால் கட்டடம் முழுக்க எனக்கு அதுதான் பெயர். வேலை இன்னும் கிடைக்கவில்லை. பெயர் மட்டும் கிடைத்துவிட்டது.

"தூங்கு சித்தி."

"பகல் வேலைக்குப் போனா இதுங்கள எங்க விடறது? காப்பகத்துல கேட்டேன். அவங்க சொல்ற தொகைக்கு நான் இன்னொரு ராத்திரி வேலையும் பாக்கணும்." அதற்கே சிரிக்க ஆரம்பித்தாள். "சம்பாத்தியம் கம்மியா இருந்தா சர்க்காரே கட்டுமாமே? எங்கயோ யாருக்கோ கட்டியிருக்காங்களாம். நீதான் படிச்சிருக்கியே, கண்டுபிடி."

நான் பொருளியல் படித்தவள். வறுமையை அளப்பது எப்படி என்று ஒரு தாள் முழுக்க எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எனக்கு ஒரு மாடி கீழே இருக்கும் ஒருத்திக்கு என்ன உதவி, எந்தக் கதவைத் தட்டினால் கிடைக்கும் என்று அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது. யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

முதலில் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து என்றது, அழுத்தினேன். நான்கை அழுத்து என்றது, அழுத்தினேன். பிறகு காத்திருக்கச் சொல்லி ஒரு துள்ளல் இசையைப் போட்டது. இடியும் மின்னலும் கட்டிலில் ஏறி ஆட ஆரம்பித்தார்கள். அன்று முழுக்க என் கேள்விக்குப் பதில் வரவில்லை, ஆனால் குழந்தைகள் அந்தப் பாட்டைக் கேட்டு என் போனை நாள்தோறும் பிடுங்க ஆரம்பித்தார்கள். பிறகு ஓர் அலுவலகம் போனேன். இது இங்கே இல்லை, அங்கே என்றார்கள். அங்கே போனேன். இங்கே இல்லை, நீங்கள் வந்த இடத்தில்தான் என்றார்கள்.

மூன்றாவது இடம் நூலகம். வேலை விளம்பரம் பார்க்கத்தான் போனேன். ஓரமாக ஒரு மேசையில் "குடும்ப உதவி: வாரம் ஒருமுறை" என்று அட்டை வைத்து ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நாள் நான் அந்த மேசையைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன். அட்டை யாருக்கோ என்று நினைத்திருந்தேன்.

அவர் பத்தே நிமிடத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார். காப்பகக் கட்டணம், மின்கட்டணச் சலுகை, குழந்தைகளுக்கான மருத்துவ அட்டை, மூன்றுக்கும் ஒரே விண்ணப்பம்தான். இருவரின் சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, பிறப்புச் சான்று போதும். வாடகைக்கு ரசீது தராத வீட்டுக்காரர் என்றால் அவர் கைப்பட எழுதிக் கொடுத்தால் ஏற்பார்கள். சனிக்கிழமைக் கெடுவைச் சொன்னதும், "அவசரம்னு மேலயே எழுதிடுங்க. வியாழக்கிழமை வீட்டுக்கு ஆள் வந்து பாப்பாங்க. எதுவும் செய்ய வேண்டாம், வீடு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்" என்றார்.

இதை அப்படியே சித்தியிடம் சொன்னேன். அவள் அப்போது சுவரில் சாய்ந்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. அதை நம்பிவிட்டேன்.

சித்தப்பா தேடிக் கொடுத்த தாள்களோடு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். வியாழன் காலை எனக்கு ஒரு நேர்காணல். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். எனக்குச் சொல்ல அவ்வளவாக ஒன்றும் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆபீசர் வரும் நேரத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிவந்தேன். தெருவில் திரும்பும்போதே கண்டக்டரின் குரல் கேட்டது.

"ரைட்ல வா, ரைட்ல வா, இடிக்கும்... அப்படியே உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்கு!"

படிக்கட்டு வளைவில் ஒரு சிவப்பு ரெக்சின் சோபா மாட்டிக்கொண்டு நின்றது. எங்கள் கட்டடத்தின் தெருமட்டத்தில் இருக்கும் முடிதிருத்தும் கடையில், ஆட்கள் காத்திருக்க உட்காரும் சோபா. ஒரு முனையில் கடைக்காரத் தம்பி, மறுமுனையில் சித்தப்பா. அவர் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"உங்க சித்திய கேளு" என்றார் சித்தப்பா, சோபாவுக்கு அடியிலிருந்து.

உள்ளே போனேன். அந்த ஒற்றை அறை எனக்கு அடையாளமே தெரியவில்லை. கண்டக்டரின் பெரிய டிவி சுவரோரம் நின்றது. அதன் பக்கத்தில் அவருடைய மீன் தொட்டி, ஆரஞ்சு மீன்களோடு. கடையின் நீளக் கண்ணாடி எதிர்ச்சுவரில். கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியும் துணிக்கொடியும் காணோம். எங்கள் வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. சித்தி இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றாள். முகம் பளபளத்தது.

"எப்படி இருக்கு?"

"சித்தி, என்ன பண்ணி வெச்சிருக்க?"

"வீட்டப் பாக்க வர்றாங்கன்னு நீதானடி சொன்ன. காப்பகத்துல புள்ளைய சேக்கறதுன்னா சும்மாவா? நல்ல குடும்பமான்னு பாப்பாங்கல்ல."

"நல்ல குடும்பமான்னு பாக்க வரல. கஷ்டப்படற குடும்பமான்னு பாக்க வர்றாங்க!"

சித்தி என்னையே பார்த்தாள். பிறகு மீன்களைப் பார்த்தாள்.

"இந்த ரூமுக்குக் குடி வர்றப்ப வீட்டுக்காரர் என்ன கேட்டார்? வசதி இருக்கான்னு கேட்டார். தவணைக்கு கட்டில் வாங்கறப்ப கடைக்காரன் வந்து என்ன பாத்தான்? வீட்ல என்ன இருக்குன்னு பாத்தான். இத்தன வருஷமா எவன் வந்தாலும் இருக்கு இருக்குன்னு காட்டியே பழகிட்டேன். இல்லன்னு காட்டணும்னா முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே! அப்படியே இருக்கட்டும்னு சொன்னேனே!"

"எப்ப?"

"நீ சுவத்துல சாஞ்சிருந்தப்ப!"

"அப்ப நான் தூங்கிட்டிருந்தேன்டி!" என்றாள், எல்லாத் தப்பும் என்னுடையது என்பதுபோல.

சரி, எல்லாவற்றையும் திருப்பி இறக்கலாம் என்று நான் திரும்பிய அதே நேரம் சோபா படிக்கட்டிலிருந்து விடுபட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்தது. அதன் பின்னாலேயே, வழி கிடைக்காமல் அதுவரை கீழே நின்றிருந்த ஒரு பெண்மணியும் வந்தார். தோளில் பெரிய பை, கையில் ஒரு கோப்பு.

"வணக்கம். வீட்டைப் பாக்க வந்திருக்கேன்."

"வாங்க மேடம், உக்காருங்க மேடம்" என்று சித்தி சோபாவைக் காட்டினாள். அதில் கிழிந்திருந்த இடத்தை மறைக்கத் தன் வெள்ளை விரிப்பை ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்து ஓரம் செருகினாள். ஓட்டலில்கூட அப்படி விரித்திருக்க மாட்டார்கள்.

ஆபீசரம்மா உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். எழுதினார். அவர் பேனா எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு தூரம் பகல் ஷிப்ட் தள்ளிப்போவது எனக்குத் தெரிந்தது.

"வருமானம் பத்தி விண்ணப்பத்துல எழுதியிருக்கீங்க. ஆனா இங்க பாத்தா..."

"ஒரு குறையும் இல்ல மேடம்!" என்றாள் சித்தி. வாய் தானாகப் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

"மேடம், அது வந்து..." என்று நான் ஆரம்பித்தேன்.

அப்போதுதான் இடி வாயைத் திறந்தாள்.

இரண்டு குழந்தைகளுக்கும் உலகத்தில் ஒரே ஒரு பயம்தான் உண்டு. அது கீழ்க்கடையின் சிவப்பு சோபா. அதில் உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் கொஞ்ச நேரத்தில் முடி வெட்டப்படும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. கட்டில் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த இடிக்குத் தன் வீட்டுக்குள்ளேயே அந்தச் சோபாவும், அதன்மேல் ஒரு பெண்மணியும் தெரிந்தால் என்ன ஆகும்?

"ஆன்ட்டிக்கு முடி வெட்டப் போறாங்க!" என்று அலறினாள். மின்னல் அந்தக் கணமே காணாமல் போனான். "ஆன்ட்டி ஓடுங்க! ஓடுங்க!"

"என்னம்மா சொல்றா?" என்று ஆபீசரம்மா தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள். தோள் குலுங்கியது. அதற்குள் முடிதிருத்தும் தம்பி வாசலில் தலையை நீட்டினான்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. கடையில ஒருத்தர் ரொம்ப நேரமா நிக்கறார். உக்கார எடமில்லன்னு கோவிச்சுக்கறார். சோபாவ எடுத்துக்கட்டா? மேடம், கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

மேடம் எழுந்தார். அவர் முகத்தில் ஏதோ ஆரம்பித்தது. நான் கோபம் என்று நினைத்தேன்.

"இந்தக் கண்ணாடியும்..." என்றான் தம்பி தயங்கி.

"அதுவும் உங்களதா?"

"கண்ணாடி இல்லாம முடி வெட்டினா, எப்படி இருக்குன்னு கேக்க மாட்டாங்க மேடம். ஆனா அப்புறமா வந்து சண்ட போடுவாங்க."

கண்டக்டர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி உள்ளே வந்தார். "அப்ப நானும் என் டிவிய எடுத்துக்கறேன். பதினோரு மணிக்கு மேட்ச் இருக்கு. மீன் இருக்கட்டும்மா, நீங்க இருக்கற வரைக்கும் இருக்கட்டும்" என்றார் ஆபீசரம்மாவிடம் பெரிய மனதோடு. தொட்டிக்குள் குனிந்து, "பயப்படாதீங்கடா, அப்பா எதிர்லதான் இருக்கேன்" என்று மீன்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டிவியைத் தூக்கினார்.

சோபாவை நகர்த்த வேண்டுமென்றால் அதன்மேல் விரித்த விரிப்பை எடுக்க வேண்டும். சித்தி ஒரு பக்கத்து முனைகளைப் பிடித்து உருவினாள். மறுபக்கம் தரையில் விழப்போன முனைகளை ஆபீசரம்மா சட்டென்று பிடித்துக்கொண்டார். பிடித்தவர் மடிக்கவும் முயன்றார்.

"அப்படி இல்ல மேடம்" என்றாள் சித்தி. அவளுக்குப் பயமெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது. "கட்ட விரல முனைக்குள்ள விடுங்க. ஆங். இப்ப உதறுங்க. பலமா! காலைல சாப்டலயா நீங்க? இப்ப என்கிட்ட வாங்க. வாங்க. முனையக் குடுத்துட்டு கீழ இருக்கறதப் பிடிங்க. பின்னாடி போங்க. எங்க போறீங்க, மீன் தொட்டி!"

ஆபீசரம்மா மீன் தொட்டியில் இடிக்காமல் நின்றார். இருவரும் நடுவில் சந்தித்தார்கள். மூக்குக்கு மூக்கு. அவ்வளவுதான், சித்தியின் அணை உடைந்தது. சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு வினாடி தாமதித்து ஆபீசரம்மாவும் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சோபாவைத் தூக்கிக்கொண்டிருந்த சித்தப்பா சிரித்ததில் சோபா நிலைப்படியில் மோதியது. எதற்கு என்று தெரியாமல் இடியும் சிரித்தாள்.

"இத்தன வீடு பாத்திருக்கேன்" என்றார் ஆபீசரம்மா மூச்சு வாங்கியபடி. "நான் வர்றேன்னா டிவிய ஒளிச்சு வைப்பாங்க. ஒரு வீட்ல பிரிட்ஜுக்குப் புடவை சுத்தி, அலமாரின்னு சொன்னாங்க. இரவல் வாங்கி வெச்சவங்கள இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"ஒளிச்சு வைக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்லையே மேடம்" என்றாள் சித்தி.

அது தானாகவே வந்த பதில். அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை. அறை இப்போது காலியாக இருந்தது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கவிழ்த்த வாளி, பிறகு இரவல் மீன்கள். ஆபீசரம்மா வாளிமேல் உட்கார்ந்தார். சித்தி மடித்த விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப நான் எத எழுதறது?" என்றார் ஆபீசரம்மா என்னிடம். "வந்தப்ப இருந்ததையா, போகும்போது இருக்கறதையா?"

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்தீங்கன்னா மீனும் போயிடும் மேடம்" என்றேன்.

அவர் ஏற்கெனவே எழுதியிருந்ததில் நீளமாக ஒரு கோடு போட்டார். பிறகு புதிதாகக் கேள்விகள் கேட்டார். பகலில் குழந்தைகளை யார் பார்க்கிறார்கள்? சித்தி. இரவில்? சித்தப்பா. அவர் வண்டி ஓட்டுகிறவராயிற்றே, இரவெல்லாம் விழித்தால்? சித்தப்பா தலையைச் சொறிந்தார்.

"நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தூங்குவீங்க?" என்று சித்தியைக் கேட்டார்.

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தோம். சித்தி முதுகு நிமிர்ந்தபடி, மடித்த விரிப்பின்மேல் இரண்டு கையையும் வைத்து, மரியாதையாக உட்கார்ந்தவாறே தூங்கிக்கொண்டிருந்தாள். உதட்டில் சிரிப்பு பாதி மிச்சம் இருந்தது.

"சித்தி" என்று நான் தோளைத் தொடப் போனேன்.

"எழுப்பாதீங்க" என்றார் ஆபீசரம்மா. "பதில் வந்தாச்சு." எழுதினார். சத்தமில்லாமல் பையை எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது மின்னலைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அவருடைய பெரிய பைக்குள் கையை விட்டு ஏதோ தேடிக்கொண்டிருந்தான். கத்தரிக்கோல் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான்.

"முடிவு என் கையில இல்ல. ஆனா நான் எழுதறது சரியாப் போய்ச் சேரும்" என்றார் படிக்கட்டில்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை காலை சித்தி வேலை முடிந்து வந்து நின்றாள். மேற்பார்வையாளர் மதியம் வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். நான் உதவி எண்ணைப் போட்டேன். ஒன்று, நான்கு. துள்ளல் இசை. இடியும் மின்னலும் கட்டில்மேல் ஏறினார்கள். கண்டக்டரும் தன் வீட்டு வாசலிலேயே காலைத் தட்டினார். சித்தி "குடு, நான் பேசறேன்" என்று போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, அந்த இரைச்சலிலேயே தூங்கிப்போனாள். இசை நின்று ஒரு குரல் கேட்டதும் நான் போனைப் பிடுங்கினேன்.

விண்ணப்ப எண் சொன்னேன். பெயர் சொன்னேன். அந்தக் குரல் ஏதோ தேடியது.

"இரண்டு குழந்தைங்களுக்கும் கட்டணமில்லாம இடம் ஒதுக்கியாச்சு. திங்கட்கிழமையிலிருந்து கொண்டுவந்து விடலாம். மின்கட்டணச் சலுகைக்கு மட்டும் இன்னொரு வாடகை ரசீது தேவைப்படுது..."

எனக்கு அதற்குமேல் கேட்கவில்லை. சித்தியை உலுக்கினேன். "கிடைச்சிடுச்சு சித்தி!"

"அந்தச் செருப்பா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

திங்கள் காலை நாங்கள் எல்லாரும் ஊர்வலம் மாதிரிப் போனோம். காப்பகத்தில் வண்ண வண்ணச் சுவர், குட்டி நாற்காலிகள். நுழைந்ததும் பெற்றோர் உட்கார ஒரு சோபா. சிவப்பு. இடி வாயைத் திறந்தாள், மின்னல் காணாமல் போனான், சித்தி கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதன்மேல் ஒரு மஞ்சள் துணியைப் போட்டு மூடிய பிறகுதான் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். இப்போதும் அந்தத் துணி அங்கேதான் இருக்கிறது.

இப்போது கட்டடத்தில் யார் யாரோ என்னிடம் வருகிறார்கள். மருத்துவ அட்டை எங்கே, அப்பாவின் ஓய்வூதியத்துக்கு யாரைப் பார்ப்பது என்று. அவர்களைக் கூட்டிக்கொண்டு நூலக மேசைக்குப் போகிறேன். அந்த அம்மா எனக்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டார், சம்பளம் எதுவும் சொல்லாமல். இது வேலையா, வேலை கிடைக்கும்வரை செய்கிற வேலையா என்று என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு ஆபீசர் வருவார் என்று யாரிடமாவது சொல்ல நேர்ந்தால் மட்டும், கேட்கிறவர் விழித்திருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.

பகல் ஷிப்டுக்குப் போன முதல் வாரம் சித்தி மாடி ஏறி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"என்னாச்சு, தூங்கலயா?"

"தூங்கறேன், தூங்கறேன். ஆனா உங்க சித்தப்பா குறட்ட விடுவாருடி! மூணு வருஷத்துல மறந்தே போயிருந்தேன்" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, மேசைமேல் கிடந்த என் துப்பட்டாவை எடுத்தாள். ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.

"பிடி. கட்ட விரல உள்ள விடு."